தட்டிப் பார்க்க ஒரு பனிப்பாறை

ஆகஸ்ட் 4

டிராவல்ஸ் ஆபீஸ் மூன்றாவது மேஜையின் மகாராணியும், துருவக் கடல்கள் இரண்டையும் கம்ப்யூட்டரில் அடக்கி ஆள்பவளும், சொந்தத் தாய்மாமன் பாதிப் பேச்சில் இருக்கும்போதே போனை வைக்கிறவளுமாகிய மருமகளுக்கு,

நேற்று நீ போனை வைத்த சத்தம் இங்கே இன்னும் ஓயவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இடி விழுந்ததோ என்று ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல சார், என் அக்கா மகளுக்குக் கோபம்" என்றேன். உடனே மாடியில் காய்ந்த துணிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

போனில் இனிமேல் பேச்சே கிடையாது, எழுத்தில்தான் என்று சொன்னாய். எழுதினால் சொன்னதை நான் இல்லையென்று சாதிக்க முடியாதாம். சரி, எழுத்தில் வருகிறேன். பேனாவுக்கு மை ஊற்றியாகிவிட்டது. உலகம் தாங்குமா என்று பார்ப்போம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆபீஸில் எட்டு வருஷம் உழைத்தவருக்கு ஒரே ஒரு தடவை, கூட ஒருவரோடு, தென்துருவப் பயணம் தருகிறார்கள். உன் அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். ஃப்ரிட்ஜைத் திறந்தாலே தும்முகிறவள். ஆகவே கூட வருவது நான். இதுவரை நமக்குள் சண்டை இல்லை. எந்தக் கப்பல் என்பதில்தான் நீ போனை வைத்தாய்.

நீ காட்டிய முதல் கப்பல் கப்பலே இல்லை. பத்தொன்பது மாடி வைத்த கல்யாண மண்டபம். மூவாயிரம் பேர், நீச்சல் குளம், சறுக்கு மரம். பனிமலை பக்கத்தில் போய் மெதுவாக ஒரு சுற்று சுற்றும். எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அதோ பாரு, அதோ பாரு" என்பார்கள். கரையில் யாரையும் இறக்கமாட்டார்கள். அவ்வளவு கூட்டமுள்ள கப்பல் அங்கே ஆளை இறக்கக்கூடாதென்று சட்டமே இருக்கிறதாம். இரண்டாவது கப்பல் சின்னது. நூற்றெண்பது பேர். ரப்பர் படகில் ஏற்றிக்கொண்டு போய்ப் பனியிலேயே இறக்கி விடுகிறார்கள்.

அடி பெண்ணே, நாற்பத்தோரு வருஷம் ஐஸ் ஃபேக்டரியில் ஐஸ் செய்தவன் நான். இந்தக் கையால் செய்த ஐஸை அடுக்கினால் நிலாவுக்கு ஒரு படிக்கட்டும், இறங்கி வர இன்னொன்றும் கட்டலாம். அச்சிலிருந்து வெளியே வந்த கட்டியை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவேன். 'டொக்' என்றால் உள்ளே வரை உறைந்திருக்கிறது. 'டொப்' என்றால் நடுவில் இன்னும் தண்ணீர். மேஸ்திரிக்கே சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்.

மோட்டார் இல்லாமல், உப்புநீர்த் தொட்டி இல்லாமல், ஷிஃப்ட்டுக்கு ஆள் வராமல், தானாகவே உறைந்த ஒரு கட்டியை நான் ஒரு தடவை தட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன். பத்தொன்பதாம் மாடியிலிருந்து கையை நீட்டினால் எட்டுமா, சொல்.

சின்னக் கப்பல்தான். இது அரச ஆணை.

மாமா

---

ஆகஸ்ட் 11

மாமாவுக்கு,

நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் 'முழங்கால்' என்ற வார்த்தை ஒரு இடத்தில்கூட இல்லை. மூன்று தடவை படித்துத் தேடினேன்.

ரப்பர் படகு நம் வீட்டு வாசல்படி இல்லை. கப்பலின் பக்கவாட்டில் இரும்புப் படி இறங்கும். அதன் கடைசித் தட்டில் நிற்க வேண்டும். கீழே படகு ஒரு முழம் மேலே வரும், ஒரு முழம் கீழே போகும். மேலே வருகிற நேரம் பார்த்துக் கால் வைக்க வேண்டும். கரையில் இறங்கும்போது தண்ணீருக்குள் கால் வைத்து, வழுக்குகிற கல் மேல் நடக்க வேண்டும். பக்கத்து ஆஸ்பத்திரி இரண்டு நாள் கடல்தூரம். உங்கள் வலது முழங்காலில் ஆபரேஷன் நடந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பக்கவாட்டில் திரும்பி நண்டு மாதிரி மாடியிறங்கினீர்கள். அம்மா பார்த்தாள், நானும் பார்த்தேன். 

பெரிய கப்பலை நீங்கள் கேலி செய்கிறீர்கள். அதில் லிஃப்ட் இருக்கிறது. கடல் கொந்தளித்தால் அவ்வளவாக ஆடாது. சூடான அறையில் உட்கார்ந்தபடியே பனிமலையைப் பார்க்கலாம். எழுபது வயதில் இதற்கு மேல் என்ன வேண்டும்?

இரண்டு கப்பலிலும் நமக்கான இடத்தை செப்டம்பர் பதினைந்து வரை பிடித்து வைத்திருக்கிறேன். அதற்குமேல் எங்கள் மேனேஜர் பொறுக்கமாட்டார். "உங்க மாமா முடிவெடுக்கறதுக்குள்ள பனியெல்லாம் உருகிடும்மா" என்று நேற்றே சொல்லிக்காட்டினார்.

சின்னக் கப்பலுக்கு ஒரு மருத்துவப் படிவம் நிரப்ப வேண்டும். அதை அனுப்பினால்தான் நீங்கள் அடங்குவீர்கள் என்பதால் இத்துடன் வைத்திருக்கிறேன். நிரப்பி நேராகக் கப்பல் டாக்டருக்கே அனுப்புங்கள், முகவரி மேலேயே இருக்கிறது. ஆமாம், இல்லை என்று மட்டும் எழுதுங்கள். கதை வேண்டாம். கையெடுத்துக் கும்பிடுகிறேன், கதை வேண்டாம்.

இப்படிக்கு,
மூன்றாவது மேஜை

---

ஆகஸ்ட் 17

மகாராணிக்கு,

படிவம் போய்விட்டது. அதைப் படிக்கப்போகும் டாக்டர் என்னைப் பயணியாக அல்ல, கேப்டனாகவே கூப்பிடப் போகிறார். துணிமணி தயாராக இருக்கட்டும்.

ஒரே ஒரு சங்கடம். 'இதற்கு முன் கடுங்குளிரில் இருந்த அனுபவம் உண்டா' என்று கேட்டுவிட்டு ஒன்றரை அங்குலம் இடம் விட்டிருக்கிறார்கள். என் அனுபவம் ஒன்றரை அங்குலத்தில் அடங்குமா? இரண்டு தாள் கூடுதலாக ஒட்டினேன்.

நண்டு என்று எழுதியிருந்தாய். மனசு புண்பட்டது என்று சொல்லமாட்டேன், சக்கரவர்த்திகளுக்கு மனசு புண்படாது. ஆனால் உடனே உன் வீட்டுக்குப் போனேன். நீ ஆபீஸில் இருந்தாய். உன் அம்மா சாட்சியாக மாடிப்படி ஏறிக் காட்டினேன்.

"ஏன்டா இப்படி மூச்சு வாங்குற?"

"மூச்சு வாங்கலக்கா, பெருமூச்சு விடறேன். உன் வீட்டு சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சு எத்தன காலமாச்சு!"

"சுவத்த அப்புறம் பாக்கலாம். நீ எறங்கு பாப்போம்."

"எறங்க அவசரம் என்ன இருக்கு? இங்க காத்து நல்லா வருது."

"எறங்குடா!"

உன் அம்மா இருக்கிறாளே, அவளைக் கூட்டிப்போனால் பனிமலை தானாக ஒதுங்கி வழிவிடும். அரை மணி நேரம் மாடியிலேயே காற்று வாங்கிவிட்டு, அவள் அடுப்பைக் கவனிக்கப் போன சமயத்தில் இறங்கி வந்துவிட்டேன். எப்படி இறங்கினேன் என்பதற்குச் சாட்சி இல்லை. ஆகவே கம்பீரமாக இறங்கினேன் என்று பதிவு செய்துகொள்.

மாமா

---

செப்டம்பர் 2

மாமா,

கப்பல் டாக்டரிடமிருந்து பதில் வந்துவிட்டது. உங்களை எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

முழங்காலுக்காக இல்லை. அதைப் பற்றி நீங்கள் எதுவுமே எழுதவில்லையே! நீங்கள் ஒட்டின அந்த இரண்டு தாளுக்காக. டாக்டர் அதை எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார், இரண்டு இடத்தில் சிவப்புக் கோடு போட்டு.

முதல் கோடு: 'இருபத்தைந்து டிகிரி மைனஸில், வெறும் பனியனோடு, குளிரறையில் இரவு முழுவதும் பூட்டப்பட்டுக் கிடந்தேன். காலையில் கதவைத் திறந்தவர்கள் என் இதயம் அரைமணி நேரமாக நின்றிருப்பதைக் கண்டார்கள். தேநீர் வாசனை மூக்கில் பட்டதும் அது தானாக ஓட ஆரம்பித்தது.'

இரண்டாவது கோடு: 'இதன் பிறகு எனக்குக் குளிர் தெரிவதே இல்லை.'

மாமா, அவர் டாக்டர். அவர் உங்கள் அக்கா இல்லை, பக்கத்து வீட்டுக்காரரும் இல்லை. சிரித்துவிட்டுப் போக மாட்டார். இதயம் நின்ற ஆள், குளிர் உறைக்காத ஆள் என்றால் ஏதோ பெரிய நோய் என்றுதான் அவர் நினைப்பார். 'இந்த மாரடைப்பு நடந்த ஆண்டு, சிகிச்சை விவரம் தேவை' என்று கேட்டிருக்கிறார். நான் என்ன எழுத? எங்கள் குடும்பத்தில் இது சாப்பாட்டு நேரத்துப் பேச்சு என்றா?

மேனேஜர் அந்தத் தாளைப் படித்துவிட்டு ஆபீஸ் முழுக்க வாசித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, ஆகவே நானே சொல்கிறேன். எட்டு வருஷமாக இந்த மேஜையில் உட்கார்ந்து பனியை விற்கிறேன். வருகிறவர்களிடம், "கால் வெச்சதும் ஒரு அமைதி வரும் பாருங்க சார், அத வாயால சொல்லவே முடியாது" என்கிறேன். அந்த அமைதி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எந்தக் கப்பல் என்று எனக்கும் ஒரு ஆசை இருந்தது. உங்களுக்குப் பெரிய கப்பல்தான் சரிப்படும் என்று தோன்றிய அன்றே அதை மூடி வைத்துவிட்டேன். பெரிய கப்பலைப் புகழ்ந்து உங்களுக்கு எழுதினேனே, அதில் ஒரு வரியையும் நான் நம்பவில்லை.

இப்போது வேறு வழியில்லை. பெரிய கப்பலே முடிவு. பதினைந்தாம் தேதி உறுதி செய்துவிடுவேன். பதில் எழுத வேண்டாம்.

---

செப்டம்பர் 6

மருமகளே,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேனடி.

உன் கடைசிப் பத்தியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். சொன்னால் கூட்டிச் சொல்கிறேன் என்பாய். எனக்கு ஆசை இருக்கிறது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன். அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாய் பெரிதாக இருப்பவனுக்குக் காது சிறுத்துவிடும் போலிருக்கிறது.

என்னை விட்டுவிட்டு நீ மட்டும் சின்னக் கப்பலில் போ. உன் ஆபீஸில் கேட்டுப் பார். முடியாது என்றால், இத்துடன் டாக்டருக்கு ஒரு கடிதம் இருக்கிறது, அதை அவருக்கு அனுப்பு. நீயும் படிக்கலாம். ஒட்டவில்லை, திறந்தே வைத்திருக்கிறேன்.

மாமா

(உடன் இருந்த தாள்)

டாக்டர் அவர்களுக்கு,

முன்பு நான் அனுப்பிய இரண்டு தாள்களும் பொய். என் இதயம் ஒருமுறையும் நின்றதில்லை. சோதித்த அறிக்கை இணைத்திருக்கிறேன்.

குளிரறையில் மாட்டிக்கொண்டது உண்மை. வெளியிலிருந்து தாழ் விழுந்துவிட்டது. இரவு முழுவதும் இல்லை, பதினொரு நிமிடம். பனியனோடு இல்லை, கோட்டு போட்டிருந்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கதவைத் தட்டினேன், கத்தினேன், அழுதேன். மேஸ்திரி வந்து திறந்தார். நான் அழுததை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கதையைச் சொல்லி வந்தேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளமாகச் சொல்வேன்.

அன்றிலிருந்து மூடிய கதவுக்குள் எனக்குத் தூக்கம் வராது. கப்பலில் என் அறைக் கதவு திறந்திருக்க வேண்டும்.

வலது முழங்காலில் மூன்று ஆண்டுகளுக்கு முன் அறுவை சிகிச்சை. படி ஏறுவேன். இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குவேன். கம்பி இல்லையென்றால் இறங்க மாட்டேன். சம தரையில் ஒரு கிலோமீட்டர் நடப்பேன். குளிர் எனக்கு நன்றாகத் தெரியும்.

இதில் கூட்டியது ஒன்றும் இல்லை.

---

செப்டம்பர் 14

மாமா,

கூட வருகிறவரை விட்டுவிட்டுப் போகலாமா என்று ஆபீஸில் நான் கேட்கவில்லை. இனியும் கேட்கப் போவதில்லை.

அந்தத் தாளை அனுப்பிவிட்டேன். அதற்கு முன்பு அம்மாவிடம் காட்டினேன். கோபிக்காதீர்கள். இரண்டு தடவை படித்தாள். பிறகு, "அதான் ஃபேக்டரிக்குப் போன காலத்துலருந்து கதவச் சாத்தினா எழுந்து வந்து திறப்பான். காத்து வேணும்பான்" என்றாள்.  மாடிப்படிக்கு இன்னொரு பக்கமும் கம்பி வைக்க ஆள் கூப்பிட்டிருக்கிறாள்.

டாக்டர் பதில் போட்டிருக்கிறார். இவ்வளவு தெளிவாக எழுதிய பயணியை அவர் பார்த்ததில்லையாம். (முதல் இரண்டு தாளை அவர் மறந்துவிட்டார் போல. நான் மறக்கவில்லை.) நீங்கள் வரலாம். ஆனால் இரண்டு நிபந்தனை. கப்பலில் ஏறியதும் படகுப் படியில் ஏறி இறங்கிக் காட்ட வேண்டும், அதில் தேறினால் ரப்பர் படகில் சுற்றி வரலாம். கரையில் மட்டும் எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது. வழுக்குக் கல்லில் உங்களைத் தூக்கிவர ஆள் கிடையாது.

உங்களுக்குப் பாதிக் கதவுதான் திறந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். பனிப்பாறையைத் தட்டிப் பார்க்க முடியாமல் போகலாம். சம்மதமா? ஒரே வார்த்தையில் தந்தி மாதிரி மெசேஜ் போடுங்கள். தபாலுக்கு நேரமில்லை, இதை அம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். நாளை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேனேஜர் பூட்டிவிடுவார்.

(செப்டம்பர் 15, மாலை 4.52க்கு வந்தது: 'சம்மதம். இது ஒரே வார்த்தை. இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உனக்கு எழுத ஆயிரம் பக்கம் வேண்டும்.')

---

டிசம்பர் 12
கப்பல், என் அறை, மருமகளின் அறைக்கு எதிரே, ஆறு அடி தூரத்தில்

எதிர் அறையின் மகாராணிக்கு,

நேற்றுப் பகல் முழுவதும் நீ பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பைக்கூடப் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டு வாங்கினாய். ஆகவே மறுபடியும் எழுத்து. இதை உன் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். குனிந்து தள்ளுவதற்கு என் முழங்கால் தரும் ஒத்துழைப்பை நினைத்தாவது முழுவதும் படி.

நான் கத்தினது தப்பு. படகிலிருந்து இறங்கிய எட்டுப் பேரும், கரையில் இருந்த பென்குயின்களும் திரும்பிப் பார்த்தது உண்மைதான். எத்தனை பென்குயின் என்று சொல்லப்போவதில்லை. நிறைய.

ஆனால் நீயே யோசி. நடுக்கடலில் இரண்டு நாள் வயிறு வாய்க்கு வந்தது. அதற்குப் பிறகு கரை இறங்க ஐந்து இடம் குறித்திருந்தார்கள். முதல் மூன்றும் காற்றில் போயிற்று. மூன்று நாள் நாம் என்ன செய்தோம்? கண்ணாடிக்குப் பின்னால் நின்று, "அதோ பாரு, அதோ பாரு" என்றோம். அதற்குப் பத்தொன்பது மாடிக் கப்பலிலேயே வந்திருக்கலாம், சறுக்கு மரமாவது கிடைத்திருக்கும்! அந்த மூன்று நாளும் நீ போட்ட பூட்ஸைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

நாலாவது இடத்தில் காற்று அடங்கியது. இறங்குகிறவர்கள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். நீ மட்டும் எழுந்திருக்கவில்லை.

"எறங்குடி."

"நான் உங்களோடயே சுத்திட்டு வரேன் மாமா."

"எனக்குத் துணைக்குப் படகோட்டி இருக்கார். நீ எறங்கு."

"பரவால்ல மாமா. இங்கருந்தே நல்லாத்தான் தெரியுது."

அந்த வார்த்தையில்தான் எனக்கு வெறி வந்தது. உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்று நீ பெரிய கப்பலுக்காக எழுதினாயே, அதே பொய். உனக்காக நான் என் வாழ்நாளில் முதல்முறையாக உண்மை எழுதினேன். எனக்காக நீ படகில் உட்கார்ந்து பொய் சொல்கிறாய். இதில் யாருக்கு என்ன லாபம்?

படகோட்டி பாவம், நம் சண்டையை அடக்க ஒரு சின்னப் பனிக்கட்டியைத் தண்ணீரிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். பார்த்தாயா அதை? உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழ். எங்கள் ஃபேக்டரியில் இப்படி வெள்ளையாக ஒரு கட்டி வந்தால் மேஸ்திரி இரண்டாம் தரம் என்று ஓரத்தில் தள்ளிவிடுவார். தட்டிப் பார்த்தேன். கைக்குள் அடங்குகிற கட்டியைத் தட்டினால் என் விரல் எலும்பின் சத்தம்தான் கேட்கிறது. பெரிய பாறைப் பக்கம் போகச் சொன்னேன். அது எப்போது வேண்டுமானாலும் புரளும், கிட்டே போகக்கூடாது என்றார். சரி. எனக்கு அவ்வளவுதான் எட்டும். நண்டுக்கு எட்டுகிற தூரம்.

நாளைக் காலை கடைசி இடம். கடலிலிருந்து ஒதுங்கிக் கரையில் தட்டி நின்றுவிட்ட பனிப்பாறைகள் அங்கே இருக்குமாம். நான் படகுக்குக்கூட வரமாட்டேன், கப்பலிலேயே இருப்பேன். உன் பக்கத்தில் சாக்குச் சொல்ல ஆள் இருக்காது.

இறங்கு. உனக்காக இறங்கு. அந்த அமைதி எப்படி இருக்கிறது என்று பார். அதன் பிறகு, நேரம் இருந்தால், வழிகாட்டியைக் கேட்டுக்கொண்டு, புரளாத பாறை ஒன்றின் மேல் இரண்டு தட்டு. நடு விரல் முட்டியால். காதைக் கிட்டே வை.

நாளையும் நீ இறங்காவிட்டால் டாக்டருக்கு நான் முதலில் அனுப்பிய இரண்டு தாளையும் உண்மையாக்கிவிடுவேன். இதயத்தை அரைமணி நேரம் நிறுத்திக் காட்டுவேன். தேநீர் கொண்டுவந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.

மாமா

---

டிசம்பர் 13, மத்தியானம்

மாமா,

திரும்பி வந்தபோது நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். கதவு திறந்தே இருந்ததால் இதை உங்கள் மூக்குக் கண்ணாடிக்குக் கீழே வைக்கிறேன்.

இறங்கினேன். இருபது நிமிடம்தான் கொடுத்தார்கள், மறுபடியும் காற்று ஏறிவிட்டது. ஒரு மணி நேரம் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வழிகாட்டியிடம் சண்டைக்கே போயிருப்பேன்.

அந்த அமைதி பொய், மாமா. எட்டு வருஷம் பொய்யைத்தான் விற்றிருக்கிறேன். பென்குயின்கள் காதைப் பிளக்கின்றன. நாற்றம் வேறு. பனி எங்கேயோ விட்டுவிட்டு வெடிக்கிறது. நின்று கேட்டேன். ஊருக்குப் போனதும், என் மேஜைக்கு வருகிறவர்களிடம் இனி வேறு மாதிரி சொல்ல வேண்டும்.

நீங்கள் சொன்ன மாதிரி ஒரு பாறை கல்லில் தட்டி நின்றிருந்தது. யானை உயரம் என்று எழுத வந்தேன், என் தோள் உயரம்தான். வழிகாட்டியிடம் கேட்டேன். "எதற்கு?" என்றார். "எங்க மாமாவுக்கு" என்றேன். சிரித்துவிட்டு, இது நகராது, போ என்றார்.

கையுறையைக் கழற்றிவிட்டேன். கையுறையோடு தட்டினால் நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். நடு விரல் முட்டி. காதைக் கிட்டே வைத்தேன். மூன்று இடத்தில் தட்டினேன், எப்படியும் ஒரு இடம் போதுமா என்று கேட்பீர்கள். பின்னால் நின்றவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

மூன்று இடத்திலும் 'டொக்'.

உள்ளே வரை உறைந்திருக்கிறது, மாமா.

விரல் இன்னும் மரத்துப்போய்த்தான் இருக்கிறது. எழுந்ததும் வந்து என் கதவைத் தட்டுங்கள்.